நாம்பனின் தாய் எந்தப் பட்டியில் நின்றது? இனவிருத்தியாளர் சங்கங்கள் குறித்துப் பண்ணையாளருக்கு

பட்டியில் பொலிக்கு விடுவதற்கு நாம்பன் (இளங்காளை) ஒன்றை வாங்கி வந்தவரிடம், அதன் தாய் ஓர் ஈற்றில் எவ்வளவு பால் தந்தது என்று கேட்டால், திருகோணமலை மாவட்டத்தில் பெரும்பாலும் நாம்பனின் நிறமும் உயரமும் கொடுத்த விலையுமே பதிலாக வரும். தாய் எந்தப் பட்டியில் நின்றது என்பதைக்கூடப் பலர் விசாரிப்பதில்லை. கால்நடை வைத்தியராக நான் இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாம்பன் பால் தருவதில்லை. ஆகவே அதன் தாயும் சகோதரிகளும், பின்னர் அதற்குப் பிறக்கும் நாகுகளும் (பெண் கன்றுகளும்) கறக்கும் பாலைக் கொண்டே அதன் தரத்தை அறிய முடியும். அந்தக் கணக்கைப் பல பட்டிகளுக்கும் பொதுவாக எழுதிக் காப்பதே இனவிருத்தியாளர் சங்கத்தின் முதல் வேலை.

நம் மாவட்டத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. பாலைச் சேர்த்து விற்பதற்கும், பெரும்போகத்தில் வயல்களுக்குள் மாடு இறங்க முடியாத மாதங்களில் மேய்ச்சல் தரை கேட்டுப் பிரதேச செயலகத்தோடு பேசுவதற்கும் கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் இருக்கின்றன, அவை வேண்டியவையே. ஆனால் எந்த மாடு எதற்குப் பிறந்தது என்ற பதிவை அவை பொதுவாக வைத்திருப்பதில்லை. அத்தகைய பதிவு வேறு நாடுகளில் பழையது. இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்ன் இன மாடுகளுக்கான வம்சாவளிப் பதிவேடு 1822இல் அச்சாகியது. ஜெர்சி தீவின் பதிவேடு 1866இலும் நெதர்லாந்தினது 1874இலும் தொடங்கின. குளிர்நாட்டுக்கே உரிய ஏற்பாடு இது என்று ஒதுக்கவும் முடியாது. ஆந்திரக் கரையிலிருந்து சென்ற ஓங்கோல் மாடுகளின் வழிவந்த நெலோர் இனத்தையும், குஜராத்தின் கிர் இனத்தையும் பிரேசில் பண்ணையாளர்கள் சங்கமாகக் கூடிப் பதிவேடு வைத்தே பெருக்கினார்கள்.

தனியொரு பண்ணையாளர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும் அவரால் இதைச் செய்ய முடியாததற்கு எண்ணிக்கையே காரணம். இருபது பசுக்களுக்கு ஒரு நாம்பன் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறந்த நாகுகள் சினைப்பருவத்துக்கு வரும்போதும் அதே நாம்பன்தான் பட்டியில் நிற்கும். தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் கலந்ததன் அளவு, 25 சதவீதம். தந்தை ஒன்றாகித் தாய் வேறான இரண்டைச் சேர்த்தால் 12.5 சதவீதம். சினை பிடிக்கத் தாமதமாவதும், கன்றுகள் மெலிந்து பிறப்பதும், பால் படிப்படியாகக் குறைவதும் இதன் விளைவுகள். இவை ஒரே நாளில் தெரிவதில்லை என்பதால், தீவனக் குறையென்றும் கண்ணூறென்றும் காரணம் சொல்லி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பக்கத்துப் பட்டியிலிருந்து புது நாம்பன் வாங்குவதும் பதிவில்லாதபோது தீர்வாகாது, ஏனெனில் அதுவும் நம் பழைய நாம்பனின் பேரனாக இருக்கக்கூடும். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர்ப் பட்டிகள் ஒரே பதிவேட்டின் கீழ் வந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறவில்லாத நாம்பன்களை நிச்சயத்தோடு மாற்றிக்கொள்ளலாம். எருமைக் கடாக்களுக்கும் இது பொருந்தும். மாற்றுவதற்கு முன் புரூசெல்லா நோய்க்கான இரத்தப் பரிசோதனை அவசியம். பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் அந்நோய், காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் தொற்றும். ஒருவர் தம் மாட்டுக்காகத் தனியே கேட்பதைவிட, சங்கமாகக் கேட்டால் இத்தகைய பரிசோதனையை ஒழுங்குசெய்வது அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் எளிது.

ஆடு வளர்ப்பில் நிலைமை இன்னும் மோசம் என்பேன். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நன்றாக வளர்ந்து எடை கூடிய கிடாய்தான் முதலில் விலைபோகிறது. வாங்க ஆளில்லாமல் மிஞ்சிய சிறிய கிடாய் அடுத்த ஆண்டுக் குட்டிகளுக்குத் தந்தையாகிறது. மெதுவாக வளரும் ஆட்டை நாமே தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறோம் என்பதுதான் இதன் பொருள். சங்கம் இருந்தால், மிகச் சிறந்த சில கிடாய்களைப் பெருநாள் விலைக்கு ஈடாகத் தொகை கொடுத்துப் பொலிக்கென்று நிறுத்திவைக்க முடியும். காது நீண்டிருப்பதை மட்டும் காட்டி ஜமுனாபாரி இனம் என்று விற்கப்படும் கலப்பு ஆடுகளிடமிருந்தும் வாங்குபவரைப் பதிவேடு காக்கும்.

செயற்கை முறைச் சினைப்படுத்தல் இருக்கும்போது நாம்பன் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை சில மணி நேரமே வேட்கை காட்டும். காட்டோரம் மேயும் பட்டியில் அதைக் கவனித்து உரிய நேரத்தில் சினை ஊசி போடுவிப்பது பலருக்கு இயலாது. ஊசி போட்டவர்களும் எந்தக் காளையின் விந்து என்ற இலக்கத்தைக் குறித்துவைப்பதில்லை. அந்த இலக்கம் இல்லையென்றால் பிறந்த கன்றுக்குத் தந்தை இல்லை.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலையொட்டிய கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் இறந்தன. எந்த வம்சத்து மாடுகள் தாக்குப்பிடித்தன என்று அப்போது எழுதியிருந்தால், இன்று நாம்பன் தெரிவு செய்வதற்கு அதைவிடப் பெறுமதியான தகவல் இருந்திருக்காது.

சங்கத்தில் சேர்வதற்குச் சந்தா உண்டு, கட்டுப்பாடும் உண்டு. தெரிவாகாத நாம்பன்களைக் காயடிக்க வேண்டும். கன்று இறந்தாலும் மறைக்காமல் பதிய வேண்டும். கொம்பையும் நிறத்தையும் மட்டும் பார்த்துப் பரிசு கொடுக்கும் சங்கமானால் விலகி நிற்பதே நல்லது. பால் அளவை உரிமையாளர் அல்லாத வேறொருவர் சரிபார்க்கிறாரா என்பதைச் சேருமுன் கேளுங்கள்.

நீங்கள் வளர்க்கும் கால்நடை இனத்துக்கு உங்கள் ஊருக்கு அருகில் சங்கம் இல்லையென்றால், பத்துப் பட்டிக்காரர் சேர்ந்து ஒரு கொப்பியோடு தொடங்கலாம். காதில் இலக்கம், பிறந்த திகதி, தாய், தந்தை, கன்று ஈன்ற திகதிகள், மாதத்துக்கு ஒருநாள் காலையும் மாலையும் அளந்த பால் ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். பெரும்போக அறுவடை முடிந்து பட்டிகள் தாள் வயல்களுக்குத் திரும்பும் நாட்களில் மாடுகள் ஊருக்கு அருகில் நிற்கும் என்பதால், காதிலக்கம் இடுவதற்கு அதுவே வசதியான காலம்.