வளரவில்லையே என்று தண்ணீர் ஊற்றாதீர்கள்

லண்டன் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் வேலை. தொட்டியில் வைத்த 'எரெக்டா' ஐவி வாடிவிட்டது என்று கூப்பிட்டால், போவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும்: தண்ணீர் அதிகமாகியிருக்கும்.

ஐவி என்றதும் சுவரேறும் கொடிதான் நினைவுக்கு வரும். எரெக்டாவும் ஹெடெரா ஹீலிக்ஸ் என்ற அதே ஐவி இனம்தான், ஆனால் ஏறாது, குத்துச்செடியாக நிற்கும். விறைத்த தண்டின் இரண்டு பக்கமும் அம்புமுனை போன்ற கரும்பச்சை இலைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு மீட்டர் உயரத்தை எட்டவே பல வருஷம் ஆகும், அதுதான் ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாதமாக அப்படியே நிற்கிறதே என்று தினமும் ஒரு குவளை ஊற்றி, உரத்தையும் போட்டு, போதாததற்கு நாலு மடங்கு பெரிய தொட்டிக்கும் மாற்றிவிடுகிறார்கள்.

போன ஜூனில் ஒரு வீட்டில் அப்படி ஒரு செடியை வெளியே எடுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தது, சாக்கடை நாற்றம் வேறு. நல்லவேளை, மேலே பச்சையாக இருந்த இரண்டு கிளைகளைப் பதியம் வைத்ததில் ஒன்று வேர் பிடித்தது.

வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலான தொட்டி போதும். மண்கலவையில் பருமணல் சேருங்கள், குளிர்காலத்தில் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். மேல்மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தரையில் நட்டால் இவ்வளவு கவலையே வேண்டாம், வீட்டின் வடக்குப் பக்க நிழலிலும் சுண்ணாம்பு மண்ணிலும் நன்றாக வரும்.

வெட்டுவது ரொம்ப அபூர்வம், வசந்தத்தில் லேசாக ஒழுங்குபடுத்தினால் சரி. அப்புறம், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் தொடாதீர்கள், ஐவிச் சாற்றில் ஃபால்கரினால் என்ற பொருள் இருக்கிறது, அது ஒவ்வாமையைக் கிளப்பும். ஆரம்பத்தில் நானும் வெறுங்கையோடு ஒரு மதியம் முழுக்க வெட்டினேன். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை, இரண்டு நாள் கழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து கொப்புளம், அரிப்பில் தூக்கமே இல்லை. இடையில் ஒரு நாள் போய்விட்டதால் ஐவிதான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சோப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.