மூடுபனியில் கண்காணிப்பு

அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடலில், எண்ணெய் தேடும் ஆய்வுக் கப்பலில், திமிங்கிலம் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியிருக்கிறேன். சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். நான்கு மணி நேரம் மேல்தளத்தில் நின்று பைனாகுலரில் சாம்பல் நிறத் தண்ணீரையே பார்க்க வேண்டும், மூக்கு ஒழுகினாலும் துடைக்கக் கையுறையைக் கழற்ற மனம் வராது.

கப்பல் பின்னால் இழுத்துவரும் ஏர்கன்கள் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்றை வெடிக்கும், அந்த ஓசை கடலடிப் பாறைவரை இறங்கித் திரும்பும். தொடங்குவதற்கு 30 நிமிடம் முன்பிருந்தே, கப்பலைச் சுற்றி வரையறுத்த வட்டத்துக்குள் விலங்கு எதுவும் இல்லை என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறமும் முதலில் ஒரு சின்ன ஏர்கன், பிறகு ஒவ்வொன்றாக. அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி விலங்கைத் தொந்தரவு செய்வதே தப்பு, அதற்கு அனுமதி வாங்கும்போது போடும் நிபந்தனைகள் இவை.

சரி, நல்ல ஏற்பாடுதானே? ஆனால் நான் பார்த்த அனுமதிகளில் ஒரு ஓட்டை இருந்தது. வட்டம் முழுக்கத் தெரியாவிட்டால் புதிதாகத் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இருட்டிலும் மூடுபனியிலும் தொடரலாம். அதனால் கப்பல் திசை திரும்பும் நேரத்திலும் ஒரே ஒரு சின்ன ஏர்கனை விடாமல் வெடித்துக்கொண்டிருப்பார்கள், அடுப்புக் கங்கு அவியாமல் பார்த்துக்கொள்வது போல. ஒருநாள் கப்பலின் முன்முனையே தெரியாத பனியில் நின்று, படிவத்தில் 'விலங்கு தென்படவில்லை' என்று எழுதினேன். பொய் இல்லைதான்.

பனி இல்லாத நாளிலும் இந்த வட்டம் போதாது. எங்களுடையது சில கிலோமீட்டர்தான். இலையுதிர் காலத்தில் மேற்கே வலசை போகும் போஹெட் திமிங்கிலங்களோ 20 கிலோமீட்டருக்கு அப்பாலேயே ஒதுங்கிப் போனதை 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின, அந்தக் கரையின் பூர்வகுடிகளான இன்யூப்பியட் வேட்டைக்காரர்கள் அதற்கு முன்பே சொல்லிச் சலித்திருந்தார்கள். ஒதுங்கிப் போனதை நான் எப்படிப் பார்ப்பேன், எந்தப் படிவத்தில் எழுதுவேன்?

என்னைக் கேட்டால், எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்று தேதி போடுவதுதான் உருப்படியான வழி. காம்டன் விரிகுடாவில் துளையிட ஷெல் எண்ணெய் நிறுவனம் போட்ட திட்டத்தில், ஆகஸ்ட் 25 முதல் காக்டோவிக், நுயிக்ஸட் கிராமத்தாரின் திமிங்கில வேட்டை முடியும்வரை வேலை நிற்கும் என்றே இருந்தது. இப்படிப்பட்ட அனுமதி வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்காக 30 நாள் வெளியில் வைப்பார்கள், இணையத்தில் யாரும் படிக்கலாம். படித்தால் வட்டத்தின் அளவோடு விட்டுவிடாதீர்கள். எந்த மாதம், மூடுபனி இறங்கினால் என்ன என்ற இரண்டு பத்திகளையும் தேடுங்கள், பெரும்பாலும் உள்ளே எங்கோ தள்ளித்தான் இருக்கும்.