மண்ணுக்கடியில் கசியும் குழாயை இயந்திரம் எப்படிக் கேட்கிறது?

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் எங்கோ ஓரிடத்தில் உடைந்து, மேலே ஈரமே தெரியாமல் மாதக்கணக்கில் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கும். தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊர்களில், குழாயில் அழுத்தம் இறங்கியதும் அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கிய அழுக்குநீர் உள்ளே புகுந்துவிடும், அப்புறம் ஒரு தெரு முழுக்க வயிற்றுப்போக்கு. எனக்கு இதுதான் பெரிய கவலை.

நல்லவேளையாக, கசிவு சத்தம் போடும். சிறு துளை வழியாக அழுத்தத்தோடு வெளியேறும் தண்ணீர் சீறும், அந்தச் சீறல் குழாய் வழியே இரண்டு பக்கமும் ஓடும். ஒரு இரும்புத் தடியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, தெரு அடங்கிய நடுராத்திரியில் இதைக் கேட்டே கசிவைப் பிடித்த பணியாளர்கள் உண்டு.

இப்போது அந்தக் காதுக்குப் பதில் இரண்டு சென்சார்கள். 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு வால்வுகளில் அவற்றைப் பொருத்துகிறோம், இரும்புக் குழாயில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரே சீறல் ஒரு சென்சாரை விட மற்றதற்கு 0.025 நொடி தாமதமாக வந்தால், அது 30 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. 100இல் அந்த 30ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் கசிவு முதலில் கேட்ட சென்சாரிலிருந்து 35 மீட்டரில், மற்றதிலிருந்து 65 மீட்டரில். அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அதே குழாய் பிளாஸ்டிக்காக இருந்து, அதில் சத்தம் நொடிக்கு 400 மீட்டர்தான் ஓடுகிறது என்றால் தாமதம் 0.075 நொடியாகும். அது தெரியாமல் இரும்புக்கான வேகத்தைப் போட்டால் விடை 5 மீட்டர் என்று வரும், 30 மீட்டர் தள்ளிப் போய்த் தெருவைத் தோண்டிக்கொண்டிருப்போம்!

பிளாஸ்டிக்கில் இன்னொரு தொல்லை, சத்தம் சீக்கிரமே அமுங்கிவிடும். அங்கேதான் குழாய்க்குள்ளேயே போகும் ரோபோ கைகொடுக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யூ வூ என்பவர் உருவாக்கிய லைட்ஹவுஸ், பார்ப்பதற்கு இறகுப்பந்து மாதிரி இருக்கும் மென்மையான ரோபோ, 2018இல் மாணவர்களின் கண்டுபிடிப்புகளுக்கான ஜேம்ஸ் டைசன் விருதின் அமெரிக்கப் பரிசைப் பெற்றது. அது தண்ணீரோடு மிதந்து போகும்போது ஓட்டை அதன் ஓரத்தைச் சற்றே உறிஞ்சி இழுக்கும், அந்த இழுப்பை உணர்ந்து இடத்தைக் குறித்துக்கொள்ளும்.

சரி, செயற்கை நுண்ணறிவு எங்கே வருகிறது? சென்சாருக்குக் கசிவு மட்டுமா கேட்கிறது? மோட்டார், லாரி, யாரோ திறந்துவிட்ட குழாய் எல்லாமே கேட்கும். ஆகவே பதிவான சத்தத்தை எந்த நேரத்தில் எந்த அதிர்வெண், அதாவது எந்தச் சுருதி, ஓங்குகிறது என்று காட்டும் படமாக மாற்றி, 'இது கசிவு, இது மோட்டார்' என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் கணினி நிரலைப் பழக்குகிறார்கள். மோட்டார் ஒரே சுருதியில் முனகி நின்றுவிடும், கசிவோ ராத்திரி பகல் பாராமல் சீறும்.

ஆனால் ஒரு ஊரில் பழகிய நிரல் இன்னொரு ஊரில் தடுமாறும். குழாயின் பொருள், மண், அழுத்தம் எல்லாமே மாறிவிடுகிறதே. உள்ளூர்ப் பாடத்தை அதற்குச் சொல்லித்தர வேண்டியவர் பள்ளம் தோண்டுபவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். கசிவு எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது, குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா என்று அவர் எழுதித் தர வேண்டும். முக்கியமாக, தோண்டியும் ஒன்றும் இல்லாமல் மூடிய பள்ளங்களையும் எழுத வேண்டும், ஏனென்றால் பொய்யாக எச்சரித்த சத்தம் எது என்பது அந்த ஒரு வரியிலிருந்துதான் இயந்திரத்துக்குத் தெரியவரும்.