26ஆம் தேதியும் நான்கு எடைக்கற்களும்

"மகள் பிறந்தது 26ஆம் தேதி. இரண்டையும் ஆறையும் கூட்டினால் 8, அது சனியின் எண் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். இதில் கணக்கு ஏதும் இருக்கிறதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கணக்கு இருக்கிறது, சனி இல்லை. 10, 100, 1000 என எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது, அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதிதான் (மீதமின்றி வகுபட்டால் 9). 8, 17, 26 மூன்றும் 8இல் வந்து நிற்பது இதனால்தான். நாம் பத்தை அடிமானமாக வைத்து எழுதுவதன் விளைவு இது. எழுதும் முறையை மாற்றினால் அந்த 8 காணாமல் போய்விடும்.

மாற்றித்தான் பார்ப்போமே. எனக்கு மிகவும் பிடித்தது சமநிலை மும்மம், அதாவது பத்துக்குப் பதில் மூன்றை அடிமானமாக வைத்து, கழித்தலையும் சேர்த்து எழுதும் முறை. ஒரு தராசு; 1, 3, 9, 27 கிலோ எடைக்கற்கள் ஒவ்வொன்று. 26 கிலோ அரிசியை நிறுக்க எதிர்த்தட்டில் 27, அரிசித்தட்டில் 1. எதிர்த்தட்டுக் கல்லுக்கு +, அரிசியோடு வைத்த கல்லுக்கு −, தொடாத கல்லுக்கு 0 என்று பெரிய கல்லிலிருந்து எழுதுங்கள்: 26 என்பது +00−. 17 என்பது 27 − 9 − 1, அதாவது +−0−. ஒரு கல்லுக்கு மூன்று நிலை என்றால் நான்கு கற்களுக்கு 81 அமைப்புகள். −40இலிருந்து 40 வரை முழு எண்களும் சரியாக 81. ஓர் அமைப்பும் வீணில்லை, ஓர் எண்ணும் விடுபடவில்லை, ஒரே எண்ணுக்கு இரண்டு அமைப்பும் கிடையாது!

தராசு இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். 3ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். மீதி 0 வந்தால் 0, 1 வந்தால் + என்று வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக எழுதுங்கள். மீதி 2 வந்தால் − எழுதி, ஈவில் 1 கூட்டுங்கள். அவ்வளவுதான்.

இங்கே −17 வேண்டுமானால் குறிகளைத் திருப்பினால் போதும்: −+0+. எண் ஒற்றையா இரட்டையா என்பதைக் கடைசி இலக்கம் சொல்லாது. 17, 26 இரண்டும் − என்றே முடிகின்றன. கற்களின் எடை எல்லாமே ஒற்றைப்படை என்பதால், பயன்பட்ட கற்களை எண்ணினால் விடை வந்துவிடும்: 26க்கு இரண்டு, 17க்கு மூன்று. ஒற்றை, இரட்டை என்பது எண்ணின் சொந்தக் குணம். எந்த முறையில் எழுதினாலும் எங்காவது தலைகாட்டும். இலக்கக் கூட்டுத்தொகை அப்படியல்ல. இம்முறையில் அது 26க்கு 0, 17க்கு −1. எந்தக் கிரகத்திடம் இதை ஒப்படைப்பது?

1840இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தாமஸ் ஃபௌலர் இம்முறையில் இயங்கும் கணக்கிடும் இயந்திரத்தை மரத்தில் செய்தார். 1958இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் புருசென்ட்சோவின் குழு 'சேதூன்' என்ற மும்மக் கணினியையே கட்டியது. சுமார் 50 கணினிகள் தயாரானபின், 1965இல் உற்பத்தி நின்றது. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதும் இருமத்தின் பின்னால் உலகமே போனபோது ஒரு பல்கலைக்கழகம் இதற்குப் பணமும் ஆளும் கொடுத்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட வேலைக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இம்முறையில் இன்னொரு வசதியும் உண்டு. பின்னத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்த, புள்ளிக்குப் பின் இருப்பதை வெட்டிவிட்டாலே போதும். புள்ளிக்குப் பின் வரும் இடங்களின் மதிப்பு 1/3, 1/9, 1/27 என்று குறைந்துகொண்டே போகும்; எல்லாவற்றையும் 1/3 + 1/9 + 1/27 என்று முடிவில்லாமல் கூட்டினாலும் அது அரையைத் தாண்டாது.