கூட்டுப் பேர உரிமை: பதிலி ஆசிரியருக்கு உண்டா?

தொழிலாளர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்க் கேட்காமல், சங்கத்தின் வழியாகச் சம்பளம், வேலைநேரம், விடுப்பு எல்லாவற்றையும் நிர்வாகத்தோடு பேசி முடிப்பது கூட்டுப் பேரம். ஆங்கிலத்தில் 'கலெக்டிவ் பார்கெய்னிங்'. பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் பியட்ரிஸ் பாட்டர் (பின்னாளில் பியட்ரிஸ் வெப்) 1891இல் வந்த தம் நூலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த தொடர் இது.

'பேரம்' தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவான சந்தைச் சொல். தெலுங்கில் 'பேரமு' என்றால் வியாபாரமும்தான். 'குதிரை பேரம்' கெடுத்த பெயரால், சிலர் கூச்சப்பட்டு 'கூட்டுப் பேச்சுவார்த்தை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசி அனுப்பினாலும் அது பேச்சுவார்த்தைதான். பேரமென்றால் இரு பக்கமும் ஏதாவது இறங்கி வந்தாக வேண்டும். இலங்கை மலையகத்தார் நன்கறிந்த 'கூட்டு ஒப்பந்தம்' வேறு: பேரம் படிந்தபின் கையெழுத்தாவது அது.

விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதில் வகுப்பெடுக்க வரும் 'சப்ஸ்டிட்யூட் டீச்சர்' என்பதற்கு 'மாற்று ஆசிரியர்' என்கிறார்கள். 'பதிலி ஆசிரியர்' இன்னும் பொருத்தம். 'பதில்' அரபியின் 'பதல்' வழி வந்தது; பஞ்சாலைகளில் விடுப்பில் போனவர் இடத்தில் மெஷினில் நிற்பவர் பதிலித் தொழிலாளி. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே 'பத்லி' தொழிலாளிக்கு விளக்கம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நிரந்தர ஆசிரியர்கூட அச்சட்டப்படி 'தொழிலாளி' அல்ல என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யார் தொழிலாளி என்ற இதே கேள்விதான் அமெரிக்க அரசுப் பள்ளிப் பதிலிகளுக்கும். காலையில் போன் வந்தால்தான் இன்று எந்தப் பள்ளி என்று தெரியும். சம்பளம் நாள் கணக்கில். கூட்டுப் பேரத்துக்கு வழிசெய்த 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார் துறைக்கானது. மாநில அரசுகளையும், அந்தந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் 'பள்ளி மாவட்டம்' என்ற உள்ளூர் அமைப்புகளையும் அது தொடாது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் பதிலிகளும் ஆசிரியர் சங்க ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். வட கரோலினாவில் எந்த அரசு ஊழியரோடும் அப்படி ஒப்பந்தம் போட முடியாது. இல்லினாய் சட்டம் 'குறுகிய காலப் பணியாளர்' என்று ஒரு வகையை வெளியே நிறுத்துகிறது.

சுவாரசியமானது நியூயார்க். கோடை விடுமுறையில் பதிலிகள் வேலையிழப்பு உதவித்தொகை கேட்டுவிடாதபடி, 'அடுத்த ஆண்டும் உங்களுக்கு வேலை இருக்கும்' என்று பள்ளி மாவட்டம் ஓர் உறுதிக் கடிதம் அனுப்பும். உதவித்தொகையைத் தடுக்கும் அந்தக் கடிதம் கையில் இருந்தால் அவர் பொது ஊழியரே என்கிறது, அம்மாநில அரசு ஊழியர்களின் சங்க உரிமைக்காக 1967இல் வந்த டெய்லர் சட்டத்தில் பின்னர் சேர்த்த பிரிவு. பணத்தை மறுக்க அனுப்பிய தாளே சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தருகிறது.

இப்போது பல மாவட்டங்கள் பதிலிகளை ஆள் சப்ளை செய்யும் நிறுவனங்கள் மூலம் எடுக்கின்றன. அப்படி வந்தவருக்கு முதலாளி தனியார். அதே வகுப்பறையில் நின்றாலும் அவருக்குப் பொருந்துவது 1935ஆம் ஆண்டின் சட்டம்.