ஒரு கிராம் கரிக்குள் நாலு பரப்புக் காணி

பெட்டி இழைக்கும் வீடுகளில் பனையின் இளம் சார்வோலையைக் கொதிக்கிற சாயத்தில் அவித்து எடுப்பார்கள். ஓலை நிறம் பிடித்த பிறகும் சட்டியில் கருஞ்சிவப்பாகத் தண்ணீர் மிஞ்சும். அதை வேலியோரம் ஊற்றிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வேலியோரம் ஊற்றுவது பாதி கிணற்றில் ஊற்றுவது மாதிரித்தான். மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். வழியில் மறிக்க வேறொன்றும் இல்லை. ஒரு சட்டித் தண்ணீர் சிறிய விஷயம்தான். திருப்பூரில் அதுவே பெருகி நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சாயத்தைப் பிடிக்கக்கூடிய பொருள் அதே வளவில் கிடக்கிறது. பனங்கிழங்கு பிடுங்கி, கொட்டைக்குள் இருக்கும் பூரானும் தின்றபின் மிஞ்சும் ஓடு, ஊமல்தான் அது.

ஊமற்கரியை உரலில் இடித்து, அரித்து, கழுவி, இரண்டு தேக்கரண்டி எடுத்தேன். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஐதாகக் கரைத்த ஒரு போத்தல் தண்ணீரில் அதைப் போட்டுக் குலுக்கினேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் நீலம் வெளிறத் தொடங்கியது. காலையில் பார்த்தால் கரி அடியில், மேலே தெளிந்த தண்ணீர். பக்கத்தில் கரி போடாமல் வைத்த போத்தல் அப்படியே நீலமாக இருந்தது.

பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோலக் கரி சாயத்தைக் குடிப்பதில்லை. சாய மூலக்கூறுகள் கரியின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர். கரி நிறத்தை எடுக்கும் என்பதை டோபியாஸ் லோவிட்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1785 இலேயே கண்டிருந்தார். ஒட்டுவதற்குச் சுவர் வேண்டுமே, அது எங்கே இருக்கிறது? கரிக்குள் ஓடும் நுண்துளைகளில். ஊமலையோ சிரட்டையையோ பொசுபரிக்கமிலத்தில் ஊறவைத்து 500 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் துளைகள் பெருகும். அப்படிச் செயலூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கலாம். யாழ்ப்பாணத்துக் காணி அளவில் ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அப்படியென்றால் ஒரு சிட்டிகைக் கரிக்குள் நாலு பரப்புக் காணி! அடுப்புக் கரியில் அவ்வளவு இராது, அதனால்தான் என் போத்தலுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

சுடாத உமியும் மரத்தூளும்கூடச் சாயம் பிடிக்கும், ஆனால் அங்கே வேலை செய்வது மின்னேற்றம். அவற்றிலுள்ள சில அமிலக் கூட்டங்கள் தண்ணீரில் ஐதரசனை இழந்து எதிரேற்றம் பெறும். மெத்திலீன் நீலம் நேரேற்றம் உள்ளது, அதனால் இழுபட்டு ஒட்டும். தேசிக்காய்ப் புளி விட்டால் ஐதரசன் அயன்கள் திரும்பி வந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். நம் கிணற்றுத் தண்ணீரின் கல்சியமும் இதே இடங்களுக்குப் போட்டி போடும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிரேற்றம் உள்ளவை, வெறும் உமி அவற்றைத் தள்ளிவிடும். அங்கே தண்ணீரை அமிலமாக்க வேண்டும் அல்லது உமியைப் பதப்படுத்த வேண்டும். ஆகவே எந்தச் சாயம் என்று தெரியாமல் எந்தக் கழிவு நல்லது என்று கேட்பதில் பயனில்லை.

சரி, பிடித்த சாயம் எங்கே போனது? அடியில் தங்கிய கரியை வேறாக்கி, அதில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கினேன். ஸ்பிரிட் மெல்ல நீலமானது.