இனக்கூட்டம்: 'பாப்புலேஷன்' என்பதற்கு எது சரியான தமிழ்?

ஓர் இடத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்து, தமக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே இன உயிர்களின் கூட்டமே இனக்கூட்டம். இனம், இடம், காலம் மூன்றையும் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் பொருள் நிற்காது.

பாப்புலேஷனின் வேர், மக்கள் என்று பொருள்படும் 'போப்புலுஸ்' என்ற லத்தீன் சொல். (செவ்வியல் லத்தீனில் 'போப்புலாத்தியோ' என்றால் நாட்டைச் சூறையாடுதல். மக்கள் திரள் என்ற பொருள் பின்னால் வந்தது.) அதனால் மனிதருக்கு 'மக்கள்தொகை' சரி, 'நாரைகளின் மக்கள்தொகை' என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். இலங்கையில் குடித்தொகை என்பார்கள். தமிழ்நாட்டில் உயிரினத்தொகை, இனக்கூட்டம் இரண்டும் உண்டு. தொகை என்றால் எண்ணிக்கையும் ஆகும். வட்டிக்கணக்கில் ஊறிய செட்டிநாட்டில் முதலில் பணம்தான் நினைவுக்கு வரும். எனவே கூட்டத்துக்கு 'இனக்கூட்டம்', அதன் அளவுக்கு 'எண்ணிக்கை' என்று பிரித்து எழுதுவதே தெளிவு. புள்ளியியலில் வரும் பாப்புலேஷன் வேறு. அதற்கு 'முழுமைத்தொகுதி' இருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தின் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா எல்லாம் கலந்து கூடு கட்டும். அந்த மொத்தக் கும்பலும் இனக்கூட்டம் அன்று, பல இனக்கூட்டங்கள் சேர்ந்த சமுதாயம். அதில் நத்தைக்குத்தி நாரைகள் மட்டும் ஓர் இனக்கூட்டம். நீர், சேறு, வெயில் இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சூழல் மண்டலம். அதைக் குறிக்கும் 'எக்கோசிஸ்டம்' என்ற ஆங்கிலச் சொல்லை பிரிட்டன் தாவரவியலாளர் டான்ஸ்லி 1935இல் அச்சில் கொண்டுவந்தார்.

எண்ணிக்கையை மாற்றுபவை நான்கு: பிறப்பும் உள்வரவும் கூட்டும், இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். பருவத்துக்கு வந்து போகும் பறவைகளில் உள்வரவும் வெளியேற்றமும் பெரிது. வரத்துக்காலில் நீரோட்டம் நின்ற ஊருணியில் நத்தைகளுக்கு அவை மிகச் சிறிது. ஆகவே எண்ணிப் பழக ஊருணி நல்ல இடம்.

முதல் நாள் 50 நத்தைகளைப் பிடித்து, ஓட்டைத் துடைத்துக் காயவிட்டு, அடிப்பக்கத்தில் நகப்பூச்சுப் புள்ளி வைத்து, நான்கு கரைகளிலும் பரவலாக விடுங்கள். ஒரே படித்துறையில் கொட்டினால் அவை மற்றவற்றோடு கலக்காது. ஒரு வாரம் கழித்து நான்கு கரைகளிலும் தேடி 60 பிடித்ததில் 12இல் புள்ளி இருந்தால், ஐந்தில் ஒன்றில் புள்ளி. ஊருணி முழுவதிலும் அதே விகிதம் என்று கொண்டு 50ஐ 60ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 250. இடையில் பொரித்த குஞ்சுகள் கணக்கைக் குழப்பும் என்பதால் இரண்டு முறையும் பெரிய ஓடுகளை மட்டும் எடுப்பது நல்லது.

பிழை பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். புள்ளி உதிர்ந்தாலும், பளிச்சென்று தெரிந்து நாரைக்கு இரையானாலும், மறுபிடியில் 12க்குப் பதில் 6தான் கிடைக்கும். விடை 500 என்று வந்து நிற்கும். இடையில் மழை பெய்து வரத்துக்காலில் புது நத்தைகள் வந்து சேர்ந்தால், அது முதல் நாள் எண்ணிக்கையே அன்று. கோடையில் எண்ணவே வேண்டாம். நீர் வற்றினால் நத்தைகள் ஓட்டு மூடியை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் கிடக்கும். கையில் ஒன்றும் சிக்காததை வைத்து இனக்கூட்டமே அழிந்தது என்று எழுதிவிடக் கூடாது.